களம் கூட்டியவன்

கொல்லிமலையில் நான் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த பாடல்கள் 43. இப்போது என்னிடம் இருப்பவை 32. எஞ்சிய 11 எப்படிப் போயின என்பதைப் பலரிடம் பலவாறாகச் சொல்லியிருக்கிறேன். சில நாள் 'கணினி அழித்துவிட்டது' என்பேன். சில நாள் 'தங்கை மகன் அழித்துவிட்டான்' என்பேன். இரண்டும் முழு உண்மை அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இடையில் கணினி நுட்பம் கொஞ்சம் வரும். நான் தமிழ் படித்தவன். எனக்கு விளங்கிய அளவுதான் வரும் என்பதால் வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோடை விடுமுறையிலும் மலையேறினேன். அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் வளப்பூர்நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு மூதாட்டி. மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; மலையில் வாழ்வோர் என்பதே பொருள். இதை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.) தாலாட்டு, சாமை விதைக்கும்போது பாடுவது, தினைக்குக் கிளி ஓட்டும்போது பாடுவது, கல்யாணப் பாட்டு என்று அவரிடம் பெருஞ்செல்வம் இருந்தது. குறிஞ்சித் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். தினைப்புனம் காக்கும் தலைவி எனக்குப் பாடப்பொருள். அவருக்கோ கிளி என்பது உண்மையிலேயே கதிரைத் தின்றுவிட்டுப் போகும் பறவை. பாட்டின் நடுவே கிளிகளை அவர் வைத வசவுகளையும் பதிவு செய்தேன்.

ஒப்பாரியை மட்டும் இரண்டு ஆண்டுகள் பாட மறுத்தார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை அழைத்ததாகும். 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் தாமாகவே எழுந்து, வீட்டைத் தாண்டி, சாமைக் கொல்லையையும் தாண்டி, ஒரு பாறைக்கு என்னை அழைத்துப் போனார். கணவருக்கு, தாய்க்கு, மூத்த மகனுக்கு என்று ஒவ்வொன்றாகப் பாடினார். மூத்த மகனுக்குப் பாடியது மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டது. பாடி முடித்ததும் பாறையிலிருந்த சுனைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினார். என்னையும் கழுவச் சொன்னார்.

2017இல் அவர் காலமானார். ஒப்பாரி பாடினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை, எனக்குத் தகவல் வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று.

பதிவுகள் முதலில் குறுந்தகடுகளில் இருந்தன. அவற்றில் சில படிக்கமுடியாமல் போகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டேன். 43 பாடல்கள், ஒரே ஒரு பென்டிரைவ். ஓலைச்சுவடிகளைப் படியெடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று முன்னோரைக் குறை சொல்லி வகுப்பில் முழங்குகிறவன் செய்த காரியம் இது.

பதிவுகளில் இரைச்சல் நிறைய. தகரக் கூரை மேல் மழை, சேவல், ஜீப்பின் ஒலிப்பான். இவற்றை நீக்கிப் பாட்டை மட்டும் பிரித்தெடுத்தால் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தங்கை மகனிடம் சொன்னேன். அவன் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஆய்வு செய்கிறான் (நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்). அங்கே இணைநிலைக் கணினித் தொகுதி ஒன்று உண்டு. பல கணினிகளைக் கட்டிச் சேர்த்து, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைப்பது. உண்மையில் என் 43 பாடல்களுக்கு ஒரு மடிக்கணினியே போதும். இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவனுக்குப் பெரிய இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை. எனக்கும் மலைப்பாட்டு அங்கே ஓடுகிறது என்பதில் ஒரு பெருமிதம் இருந்ததை மறைப்பானேன்.

அத்தகைய இயந்திரங்களின் மேல் எனக்கு மயக்கம் வந்ததற்கு ஒரு பெயரும் காரணம். புனேயில் உள்ள சி-டாக் 1991இல் 'பரம் 8000' என்ற இணைநிலைக் கணினியை உருவாக்கியது நமக்குத் தெரியும். அந்த வரிசையில் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட இயந்திரத்துக்கு 'பரம் பொருள்' என்று பெயர் வைத்தார்கள். 838 டெராஃபிளாப் வேகம். அதாவது ஒரு நொடியில் எண்ணூற்றுச் சொச்சம் இலட்சம் கோடிக் கணக்குகள். பெயரிட்டவரைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும் என்று நினைத்தேன். (என் பாடல்கள் போனது அங்கே அன்று, அந்த இயந்திரத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு என் மயக்கம் மட்டுமே.)

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாத்தையும் ஏத்திட்டேன் மாமா" என்றான். எங்கள் கல்லூரியில் அப்போது தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரம். துறைக் கோப்புகளைக் கொண்டுபோக ஒரு பென்டிரைவ் தேவைப்பட்டது. 'அவனிடம்தான் இருக்கிறதே' என்று அன்றிரவே அதிலிருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, ஐந்தாண்டு வருகைப் பதிவேடுகளையும் கருத்தரங்கப் புகைப்படங்களையும் நிரப்பினேன். 'மாமாவிடம்தான் இருக்கிறதே' என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் இரவு அவன் நிரலை ஓட்டினான். நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனிச் செயல்களைப் 'புரோசஸ்' என்கிறார்கள். கலைச்சொல் தேடித் தோற்றுப்போய் நான் 'ஆள்' என்றே எழுதுகிறேன். அவனும் என்னிடம் அப்படித்தான் விளக்கினான். 12 ஆட்களை இறக்கியிருந்தான். பாடல்களின் பட்டியல் பொதுவில் இருக்கும். ஒவ்வோர் ஆளும் பட்டியலிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, பத்துப் பத்து நொடித் துண்டுகளாக்கி, துண்டுதோறும் இரைச்சலை நீக்கி, மீண்டும் ஒட்டி, முடிந்த பாட்டை அவனுடைய சொந்த அடைவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு வருவான். பட்டியல் தீர்ந்துவிட்டால் அவன் வேலை முடிந்தது. போகும்போது துண்டுகள் கிடக்கும் தற்காலிக அடைவை அழித்துவிட்டுப் போகவேண்டும். அந்தப் பெரிய இயந்திரங்களில் தற்காலிகச் சேமிப்பிடம் பொதுச் சொத்து. குப்பையை விட்டுச் செல்வது அநாகரிகம். மருமகன் ஒழுங்கான பிள்ளை.

ஆனால் 'அழித்துவிட்டுப் போ' என்ற வரியை 12 பேருக்கும் பொதுவாக எழுதியிருந்தான். துண்டுகள் எல்லாம் ஒரே அடைவில். மூலப் பதிவுகளும் அதே அடைவில். பட்டியல் தீர்ந்தபோது யாரோ ஒருவன் முதலில் கை ஓய்ந்தான். சொன்னபடி அடைவைத் துடைத்துவிட்டுப் போனான். அந்நேரம் மற்ற 11 பேர் கையிலும் ஆளுக்கொரு பாட்டு பாதியில் இருந்தது. பட்டியல் நான் பதிவு செய்த வரிசையில் இருந்தது. ஆகவே கடைசியாகக் கையில் இருந்தவை பெரும்பாலும் 2012ஆம் ஆண்டுப் பாடல்கள். நீளமானவை வேறு. போனவற்றில் 5 ஒப்பாரி.

முன்கூட்டிச் சோதிக்கவில்லையா என்று கேட்டேன். சோதித்தானாம். ஓர் ஆளை வைத்து இரண்டு பாட்டு ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இருக்காது, அங்கே முதலில் முடிப்பவனும் கடைசியில் முடிப்பவனும் அவனே அல்லவா. இரண்டு ஆட்களை வைத்துப் பார்த்தபோதும் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே முடித்தார்கள், தப்பித்தது. இவ்வகைப் பிழைகளுக்கு அதுதான் இயல்பு என்றான். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து ஒருநாள் வரும், ஒருநாள் வராது. தேடும்போது ஒளிந்துகொள்ளும்.

நிர்வாகியிடம் ஓடினான். தற்காலிகச் சேமிப்பிடத்துக்குக் காப்புப்படி எடுப்பதில்லை என்பது பதில். இது எங்கும் உள்ள வழக்கம்தான், அவர்மேல் பிழையில்லை. அழிந்ததைத் தோண்டி எடுக்க முடியாதா என்று நான் கேட்டபோது மருமகன் சொன்ன விளக்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் கோப்பை அழிப்பது என்பது முதலில் பெயரை அழிப்பதாம். அடைவிலிருந்து பெயர் போய்விடும். பொருள் உடனே போகாது. யாராவது அந்தக் கோப்பைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தால், அவர்கள் விடும்வரை அது உயிரோடு இருக்கும். கடைசிப் பிடி விட்டதும் அதன் இடம் பிறருக்குச் சொந்தம். லஸ்டர் போன்ற பெரிய கோப்பு முறைமைகளில் பெயர்களை ஒரு பொறி வைத்திருக்கும். பொருள் வேறு பல பொறிகளில் கீற்றுக் கீற்றாகப் பரந்து கிடக்கும். பெயர் போனபின் எந்தக் கீற்று எதனுடையது என்று சொல்ல ஆளில்லை. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றொருவர் இருக்கிறாரே, பாடல் இருந்து பெயர் போய், பாடலின் தொடரையே பெயராகப் பெற்றவர். அவர் பாக்கியசாலி. அங்கே பெயர்தான் போயிற்று, பொருள் நின்றது.

மீந்த 32 பாடல்களும் தூய்மைப்படுத்தப்பட்டவை. மூலம் ஒன்றுகூட இல்லை. ஆகையால் இப்போது எந்தப் பாட்டிலும் மழை இல்லை, சேவல் இல்லை. கிளிக்கு விழுந்த வசவுகளையும் நிரல் இரைச்சல் என்று எண்ணியோ என்னவோ பாதி தின்றுவிட்டது. நான் கேட்டுக்கொண்டபடிதான் செய்திருக்கிறது.

சில நாள் கழித்து, தன்னைத் தேற்றிக்கொள்ளவோ என்னைத் தேற்றவோ, ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொன்னான். கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 14 முதல் 16 வரை, ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு, சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. காப்புப்படி எடுக்கும் ஏற்பாட்டில் பழைய குறிப்பேடுகளை மட்டும் நீக்கும் சிறு நிரல் ஒன்று இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய வடிவத்தை எழுதிவிட்டார்கள். அவ்வகை நிரலைக் கணினி படித்துக்கொண்டே செய்வதால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடி, எந்த அடைவை நீக்குவது என்ற இடம் வெறுமையாகி, நீக்கக் கூடாததை நீக்கியது. அமைத்துக் கொடுத்த நிறுவனம் பிழை தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டது. காக்க வந்ததே அழித்த கதை. எனக்கு ஆறுதல் ஒன்றும் ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்க நான் விரும்பியது வேறு. இத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையில், அழிக்கும் உரிமை யாருக்கு என்று அந்த உலகத்தில் விதியே இல்லையா? இருக்கிறதாம். எம்.பி.ஐ. என்பது ஆட்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பொது முறை. 1994இல் முதல் வடிவம் வந்தது. 1997இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோப்புகளைக் கையாளும் கட்டளைகளையும் சேர்த்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஒரு கோப்பைக் கூட்டாகத் திறந்திருந்தால், திறந்த ஆட்கள் அனைவரும் சேர்ந்துதான் மூடமுடியும். அழிக்கும் கட்டளைக்கோ அப்படி ஒன்றும் இல்லை. எவனும் யாரையும் கேளாமல் அழிக்கலாம். இருவர் அழிக்க முனைந்தால் முந்தியவனுக்கு வெற்றி, பிந்தியவனுக்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்ற பிழைச் செய்தி. பிறர் திறந்து வைத்திருக்கும்போது அழித்தால் என்ன ஆகும் என்பதை விதி உறுதியாகச் சொல்வதில்லை. இடத்துக்கு இடம் மாறும். மூடுவதற்கு எல்லோரும் வேண்டும், அழிப்பதற்கு ஒருவன் போதும் என்றால் இது என்ன நியாயம் என்று கேட்டேன். சிரித்தான். அதனால்தான் 'மூடும்போதே அழித்துவிடு' என்று திறக்கும்போதே சொல்லிவைக்கும் வழி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள், கூட்டாக மூடுவதோடு அழிப்பும் சேர்ந்துவிடும் என்றான்.

முறையாகச் செய்கிறவர்கள் ஒவ்வோர் ஆளுக்கும் தன் எண்ணோடு தனி அடைவு கொடுப்பார்கள். அவனவன் குப்பை அவனவனுக்கு. பொது அடைவாக இருந்தால், எல்லா ஆட்களும் வந்து சேரும்வரை யாரும் அதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு நிறுத்தக் கோடு போட்டு, அதைத் தாண்டியபின் சுழியம் எண் கொண்ட ஆள் மட்டும் அழிப்பான். (ஆட்களை அங்கே சுழியத்திலிருந்து எண்ணுகிறார்கள்.) மருமகனுக்கு இவை அனைத்தும் தெரியும். 43 பாட்டுத்தானே என்று விட்டுவிட்டான்.

அந்த ஆண்டு ஆடி மாதம் அவனையும் அழைத்துக்கொண்டு மலையேறினேன். மூதாட்டிக்கு ஒரு மகள் இருக்கிறார்; தாயின் பாட்டு மகளிடம் இருக்காதா என்ற நப்பாசை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அவன் 40ஆவது வளைவில் வாந்தி எடுத்தான். ஆடி 18 ஆனதால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாக் கூட்டம். ஆகாய கங்கைக்குக் குளிக்கப் போகிறவர்கள் சாரிசாரியாகப் போனார்கள். ஆடிப்பெருக்கு என்றாலே எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வரும்; பழைய ஏடுகளை ஆற்றுவெள்ளத்தில் விட்ட கதைகளை அவரிடம் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் ஏடுகளைத் தேடிப் போனவருக்கு அவை தீயிலிடப்பட்டன என்ற செய்திதான் கிடைத்தது. சிதைந்த ஏட்டைப் புதிதாகப் படியெடுத்துவிட்டுப் பழையதை நெருப்புக்கோ நீருக்கோ கொடுப்பது முறை. படியெடுப்பது நின்றுபோயிற்று, கொடுப்பது நிற்கவில்லை. 'பிரதி வேறிடத்தில் இருக்கும்' என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருப்பார்களோ? இதற்கு முன் அவர்களை மூடர்கள் என்றே சொல்லி வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பென்டிரைவைத் தடவிக்கொண்டிருந்தேன். அதில் இன்னமும் வருகைப் பதிவேடுகள்தான் இருந்தன.

மகளுக்கு அறுபது வயதிருக்கும். திண்ணையில் பாய் விரித்து, கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டார். நடந்ததை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது மருமகனே சொல்லிவிட்டான். கணினி என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி, பிறகு வேறு மாதிரியாகச் சொன்னான்: பன்னிரண்டு பேர் ஒரே களத்தில் கதிர் அடிக்கிறார்கள், முதலில் அடித்து முடித்தவன், மற்றவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே களத்தைக் கூட்டித் தள்ளிவிட்டான்.

அவர் களியை உருட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லாரும் தூத்தி அள்ளியாச்சான்னு கேக்காம களத்தைக் கூட்டுவாங்களா கண்ணு?"

"கேக்கச் சொல்லி நான் எழுதலீங்க அம்மா" என்றான்.

"அப்ப கூட்டுனவன் மேல என்ன தப்பு" என்று சொல்லிவிட்டு அவனுக்கு இன்னொரு உருண்டை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, உங்க வீட்டுல எடுத்து வெக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

போன 11 பாடல்களின் முதல் அடிகளை நான் பழைய குறிப்பேட்டிலிருந்து படித்தேன். இரண்டை அவர் கேட்டதே இல்லை என்றார். நான்கைப் பாடினார். தாய் பாடிய மெட்டு அல்ல. ஒரு தாலாட்டில் பாதி வரிகள் வேறு. தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையில் தங்கத் தொட்டிலுக்குப் பின்னால் சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. பாடும்போது மழை பிடித்தது. மருமகன் பதிவுக்கருவியை அணைக்கப் போனான். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து ஒப்பாரிகள் மிஞ்சின. அவை தமக்குத் தெரியும் என்றே சொன்னார்; அண்ணனுக்குப் பாடிய நீளமான பாட்டு உட்பட. உள்ளே அவருடைய கணவர் இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். பாறைக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்தது. "மனுசன் படுத்திருக்கறப்ப பாறைக்குப் போனாலும் ஆகாதுங்க. எந்திரிச்சு நடமாடட்டும். தை முடிஞ்சு வாங்க, பாடறேன்" என்றார்.

அன்றிரவு செம்மேட்டில் தங்கிய அறையில் நான்கு பாடல்களையும் மருமகன் தன் மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, என் பென்டிரைவில் ஒன்று என்று வைத்தான். வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து கடைசி நொடிவரை ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டான். பதிவுக்கருவியில் இருப்பதை அழிக்கலாமா மாமா, நாளைக்கு இடம் வேண்டும் என்றான். உன்னிடம் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். "நாலு." என்னிடமும் நான்கு இருந்தன. இருந்தும் வேண்டாம் என்றேன். புதிதாக ஓர் அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

தை கழிந்து 2024ஆம் ஆண்டு மாசியில் தொலைபேசியில் பேசினேன். கணவர் எழுந்து கொல்லைவரை நடக்கிறார் என்றார். சாமை அடித்துக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் இரண்டு வீட்டார் அடிக்கவேண்டியிருக்கிறதாம், அது முடியட்டும் என்றார்.